தமிழ் பேசும் முதியோருக்கு மருத்துவமனைகளில் மொழி உதவி வேண்டி சாந்தா கிளாரா கவுண்டிக்குக் கோரிக்கை மனு

அனுப்புநர்:
சன்னிவேல், சாந்தா கிளாரா, மில்பிடாஸ், சான் ஹோசே நகரங்களில் வசிக்கும் தமிழ்க் குடும்பத்தினர்

பெறுநர்:
மாண்புமிகு தலைவர் அவர்கள்,
மேற்பார்வையாளர் குழு,
சாந்தா கிளாரா கவுண்டி,
சான் ஹோசே, கலிஃபோர்னியா

பொருள்: கவுண்டி மருத்துவமனைகளிலும் கிளினிக்குகளிலும் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வசதி, தமிழில் காப்பீட்டு ஆலோசனை, சர்க்கரை மற்றும் இதயப் பரிசோதனை வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். எங்களில் பெரும்பாலோர் வேலைக்காக இங்கு வந்து, இங்கேயே குடும்பமாகத் தங்கிவிட்டவர்கள். ஊரில் தனியாக இருந்த அப்பா அம்மாவையும் வயதான காலத்தில் கிரீன் கார்டு எடுத்து அழைத்து வந்திருக்கிறோம். இந்த மனு அவர்களுக்காக. கையெழுத்துப் போடும் பெரியவர்கள் தாங்களே படித்துப் பார்த்துப் போட வேண்டும் என்பதால் தமிழில் எழுதியிருக்கிறோம். ஆங்கில வடிவமும் இணைப்பில் உள்ளது.

மனுவை எழுதும் என் வீட்டில் நடந்ததையே முதலில் சொல்கிறேன். அம்மாவுக்கு 71 வயது. உடம்பு சோர்வாகவே இருக்கிறது என்றதால் ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டதற்கு, போனில் இந்தி பேசுபவரை இணைத்தார்கள். அம்மாவுக்கு இந்தி தெரியாது. சரி, நானே சொல்கிறேன் என்று உட்கார்ந்தேன். பிரஷர், தூக்கம், பசி எல்லாம் கேட்டு முடித்த டாக்டர், வேறு ஏதாவது தொந்தரவு உண்டா என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்லப்பா" என்றார். அன்று ராத்திரி என் மனைவியிடம்தான் சொல்லியிருக்கிறார்: மாதவிடாய் நின்று இருபது வருஷத்துக்கு மேல் ஆன பிறகு, இப்போது மறுபடி உதிரம் படுகிறதாம். அந்த வயதில் அப்படி இருந்தால் புற்றுநோய் இல்லை என்று உறுதிப்படுத்தும் வரை விடக்கூடாது என்பது எந்த டாக்டருக்கும் தெரியும். ஆனால் அதை மகன் காதில் போட எங்கள் ஊர் அம்மாக்களுக்கு வாய் வராது. அப்பாக்களும் அப்படித்தான், சிறுநீர்க் கோளாறை மருமகள் முன்னால் சொல்வார்களா? மனச்சோர்வைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பிள்ளைகள் கவலைப்படுவார்கள் என்று விழுங்கிவிடுவார்கள்.

ஆகவே, பிள்ளைகள்தான் ஆங்கிலம் பேசுகிறார்களே, அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று இதை விட்டுவிட முடியாது. சட்டமும் அப்படி விடவில்லை. மத்திய அரசின் நிதி பெறும் மருத்துவமனைகள் ஆங்கிலம் தெரியாத நோயாளிக்கு இலவசமாகத் தகுதியான மொழிபெயர்ப்பாளரைத் தர வேண்டும் என்பதே 1964-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டமும், 2010-இல் வந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின் 1557-ஆம் பிரிவும் சொல்வது. நோயாளி தானே விரும்பிக் கேட்டாலோ, அவசர நிலையிலோ தவிர, கூட வந்த உறவினரை வைத்து வேலையை முடிக்கக் கூடாது.

நாங்கள் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியமும் அல்ல. பெயர் பதியும்போதே "உங்கள் மொழி என்ன?" என்று கேட்டு, தமிழ் என்று குறித்துக்கொண்டு, அப்பாயிண்ட்மென்ட் நாளுக்கு முன்பே தமிழ் மொழிபெயர்ப்பாளரை வீடியோவிலோ போனிலோ ஏற்பாடு செய்யுங்கள். இந்தியர் என்றாலே இந்தி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று முன்மேசை ஊழியர்களுக்குச் சொல்லுங்கள். டாக்டர் நோயாளியிடம் சில நிமிடமாவது குடும்பத்தார் இல்லாமல் தனியாகப் பேசும் வழக்கம் வரட்டும். எங்களுக்கு எல்லாவற்றையும் விட முக்கியம் இதுதான்.

அடுத்தது காப்பீடு. 65 வயதைத் தாண்டி இங்கு வரும் பெற்றோருக்கு, கிரீன் கார்டுடன் ஐந்து ஆண்டு தொடர்ந்து வசிக்கும் வரை முதியோருக்கான மத்திய அரசுக் காப்பீடான மெடிகேர் கிடையாது. அப்புறமும், இந்த நாட்டில் வேலை செய்யாதவர்கள் மெடிகேரில் மருத்துவமனைச் செலவுக்கான பகுதியை (பார்ட் ஏ) விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டும். அதற்கு மாதம் 500 டாலருக்கு மேல் ஆகிறது. வருமானம் குறைந்தவர்களுக்கான கலிஃபோர்னியாவின் காப்பீடான மெடி-கேல் கிடைக்குமா என்று பார்த்தால், 2026 ஜனவரி 1 முதல் 65 வயதுக்கு மேற்பட்டோருக்குச் சொத்து வரம்பு திரும்ப வந்திருக்கிறது: ஒருவருக்கு 1,30,000 டாலர், தம்பதிக்கு 1,95,000. ஊரில் பூட்டிக் கிடக்கும் வீடு இதில் சேருமா? அப்பா பெயரில் உள்ள இரண்டு ஏக்கர் நிலம்? வங்கியில் போட்ட ஓய்வூதியப் பணம்? ஒவ்வொரு வீட்டிலும் இந்தக் கேள்விகள் இருக்கின்றன. வாட்ஸ்அப்பில் ஆளுக்கொரு பதில் வருகிறது; பயந்துபோய் விண்ணப்பிக்காமலேயே இருந்துவிடுகிறார்கள். மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சாப்பிட்டு, அடுத்த முறை ஊருக்குப் போகும்போது வாங்கிக்கொள்ளலாம் என்று நாளைக் கடத்தும் பெரியவர்கள் எங்கள் நடுவில் உண்டு. கவுண்டியின் சமூக சேவைத் துறை இந்தக் கேள்விகளுக்குத் தமிழில் எழுத்து மூலம் விளக்கம் வெளியிட வேண்டும். மெடி-கேல் உள்ளவர்களைச் சிகிச்சைக்கு இலவசமாக அழைத்துப்போக வாகன வசதி உண்டு என்பதையும் அதில் சேர்க்கக் கோருகிறோம். கார் ஓட்டத் தெரியாத பெரியவர்கள் பகல் முழுவதும் பிள்ளைகளின் விடுமுறைக்காகக் காத்திருக்கிறார்கள்.

மூன்றாவது, சர்க்கரையும் இதயமும். தெற்காசியர்களுக்கு இதய நோய் வரும் ஆபத்து அதிகம் என்பதை அமெரிக்க இதய மருத்துவ அமைப்புகளின் 2018 வழிகாட்டுதலே ஏற்றிருக்கிறது. ஆசியர்களுக்கு உடல் நிறை எண் (BMI) 23-ஐத் தொட்டாலே சர்க்கரைப் பரிசோதனையை யோசிக்க வேண்டும் என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 2015 முதல் சொல்லி வருகிறது. மற்றவர்களுக்கு அந்த எண் 25. பார்க்க ஒல்லியாக இருக்கிறாரே என்று எங்கள் பெரியவர்களை விட்டுவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறோம். சன்னிவேல், மில்பிடாஸ் கவுண்டி கிளினிக்குகளில் மாதம் ஒரு சனிக்கிழமை தமிழில் பேசும் ஊழியரோடு இந்தப் பரிசோதனைகளை நடத்தக் கேட்கிறோம். கூட்டம் சேர்க்கும் பொறுப்பு எங்களுடையது. கோவில்களிலும் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளிலும் நாங்கள் சொல்கிறோம்.

இந்த நிர்வாகத்திடம் நம்பிக்கையோடு கேட்கக் காரணம் இருக்கிறது. தனியார் கைவிட்ட ஓ'கானர், செயின்ட் லூயிஸ் மருத்துவமனைகளை 2019-இல் வாங்கி நடத்துவது நீங்கள். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக நாட்டிலேயே முதலாவதாக வீட்டிலிருக்கும் உத்தரவு போட்டதில் இந்தக் கவுண்டியும் ஒன்று. கிழக்கு சான் ஹோசேயின் ரீஜனல் மருத்துவமனையில் விபத்து சிகிச்சைப் பிரிவை 2024-இல் தனியார் நிர்வாகம் மூடியபோது, 2025 ஏப்ரலில் அந்த மருத்துவமனையையே எடுத்துக்கொண்டீர்கள். மத்திய அரசு மருத்துவ நிதியை வெட்டியதால் 2025 நவம்பரில் விற்பனை வரியை ஐந்து ஆண்டுகளுக்கு உயர்த்தக் கேட்டபோது, வாக்குரிமை உள்ள எங்கள் வீட்டாரில் பலர் ஆதரித்து வாக்களித்தார்கள். மளிகை போன்ற சிலவற்றைத் தவிர மற்றப் பொருள்கள் வாங்கும் கடைகளில் அந்த வரியை நாங்களும் கட்டுகிறோம். பணம் நெருக்கடியான காலம் என்பது தெரியும். அதனால்தான் புதுக் கட்டடமோ புதுத் துறையோ கேட்கவில்லை.

மேற்கண்ட மூன்று கோரிக்கைகளையும் மேற்பார்வையாளர் குழுவின் கூட்டத்தில் எடுத்து, மருத்துவத் துறையிடம் அறிக்கை கேட்கும்படி வேண்டுகிறோம். எங்கள் பெரியவர்கள் சிலர் நேரில் வந்து பேசவும் தயாராக இருக்கிறார்கள். நேரம் ஒதுக்கித் தந்தால் வருவோம். அன்றைக்கு ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரையும் ஏற்பாடு செய்யக் கேட்டுக்கொள்கிறோம்.

நன்றி.

இப்படிக்கு,
கையொப்பமிட்டுள்ள தமிழ்க் குடும்பத்தினர்

இணைப்பு: ஆங்கில வடிவம், கையெழுத்துப் பட்டியல்