லாக்மோர்–காஸிலைனி ஊராருக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

லாக்மோர்–காஸிலைனி ஹர்லிங் (மட்டையும் சிறு பந்தும் கொண்டு ஆடும் ஐரிஷ் ஆட்டம்), கேலிக் கால்பந்து (கையாலும் காலாலும் ஆடும் ஐரிஷ் கால்பந்து) கழகத்தின் வரலாற்றைத் தமிழில் எழுதி முடித்துவிட்டேன். வேலை முடிந்து வந்த இரவுகளிலும் விடுப்பு நாள்களிலுமாக இரண்டரை ஆண்டு பிடித்தது. அதில் இருப்பதெல்லாம் நீங்கள் சொன்னது, காட்டியது, திருத்தியது. உங்களில் யாருக்கும் தமிழ் தெரியாது. இருந்தாலும் இந்த மடலையும் தமிழிலேயே எழுதுகிறேன், ஏனென்றால் அந்தப் பக்கங்களைப் படிக்கப் போகிற தமிழர்களுக்கு அவை யார் யார் தயவில் வந்தவை என்று தெரிய வேண்டும். உங்களிடம் நேரில் வந்து, வரிக்கு வரி ஆங்கிலத்தில் சொல்கிறேன். பெயர் மட்டும் போட வேண்டாம் என்று எல்லோருமே கேட்டுக்கொண்டீர்கள். போடவில்லை.

படிக்கிறவர்களுக்காக ஊரைப் பற்றி இரண்டு வார்த்தை. அயர்லாந்தின் டிப்பரரி கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி), தர்லஸுக்கும் டெம்பிள்மோருக்கும் நடுவே லாக்மோர், காஸிலைனி என்று இரண்டு சிற்றூர்கள். டப்ளினிலிருந்து கார்க் போகிற ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால், ஷூர் ஆற்றங்கரையில் கூரை போன பழைய கோட்டை ஒன்று கண்ணில் பட்டு மறையும். அது லாக்மோர் கோட்டை. இரண்டு ஊரும் சேர்ந்து ஒரே பங்கு (ஒரு பங்குத்தந்தையின் கீழ் வரும் தேவாலய வட்டாரம்), ஒரே கழகம், பச்சையும் சிவப்புமாக ஒரே சட்டை. இங்கே பிறந்த பிள்ளை இந்தப் பங்குக்குத்தான் ஆடும். சம்பளம் கிடையாது. கவுண்டி அணிக்குப் போய் 80,000 பேர் முன்னால் ஆடினாலும் கிடையாது.

முதல் நன்றி, நான் செவிலியாக வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் கடைசி அறையில் இருக்கும் பெரியவருக்கு. ஐயா, நான் அங்கே சேர்ந்த முதல் கோடையில், ஞாயிற்றுக்கிழமை மதியம் மாத்திரை கொடுக்க வந்தேன். தொலைக்காட்சியில் ஹர்லிங் ஓடிக்கொண்டிருந்தது. தலைக்கவசம் போட்ட முப்பது பேர், கையில் மட்டை, பந்து எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியவில்லை. நீங்கள் உங்கள் ஊன்றுகோலைத் திருப்பிப் பிடித்து, வளைந்த கைப்பிடியைக் கீழே வைத்து, மேசையில் இருந்த ஆரஞ்சுப் பழத்தை அதால் உருட்டித் தூக்கிக் காட்டினீர்கள். இரண்டாவது முயற்சியில் பழம் உங்கள் கைக்கு வந்துவிட்டது. அன்று ஆரம்பித்ததுதான் இது.

புள்ளிக் கணக்கையும் நீங்கள்தான் சொல்லிக்கொடுத்தீர்கள். ஹெச் எழுத்து போல நிற்கும் கம்பத்தில், குறுக்குக் கம்பிக்கு மேலே பந்து போனால் 1 புள்ளி. கீழே வலைக்குள் போனால் கோல், அது 3 புள்ளிக்குச் சமம். ஹர்லிங்குக்கு இன்றும் இதே கணக்குதான். கால்பந்துக்கும் 2024 வரை இதே கணக்குதான் இருந்தது, இப்போது அதில் தூரத்திலிருந்து மேலே அடித்தால் 2 புள்ளி. கோலையும் புள்ளியையும் கூட்டாமல் தனித்தனியாக எழுதுவது ஏன் என்று கேட்டேன். நீங்கள் 2007-ஐச் சொன்னீர்கள். அந்த ஆண்டு மன்ஸ்டர் மாகாண ஹர்லிங் இறுதியில் கிளேர் கவுண்டியின் டல்லா அணியை உங்கள் ஊர் வென்ற கணக்கு 1-6, 0-6. இரண்டு பக்கமும் ஆறாறு புள்ளி, நடுவில் ஒரே ஒரு கோல். ‘கூட்டிச் சொன்னால் இந்தக் கதை போய்விடும்’ என்றீர்கள். என் கையெழுத்துப் பிரதி முழுக்கக் கணக்கைக் கூட்டாமல்தான் எழுதியிருக்கிறேன் ஐயா.

அடுத்து தர்லஸ் நூலகத்தில், டிப்பரரி ஆய்வுப் பிரிவு மேசையில் இருந்தவர்களுக்கு. அங்கே இருந்து கொஞ்ச தூரம் நடந்தால் ஹேய்ஸ் ஹோட்டல். 1884 நவம்பர் 1-ம் தேதி மைக்கேல் கியூசாக்கும் மாரிஸ் டேவினும் இன்னும் சிலரும் கூடி கேலிக் விளையாட்டுச் சங்கத்தைத் தொடங்கிய இடம். அதனால் இந்தப் பக்கத்து மனிதர்களுக்கு இந்த வரலாறு வீட்டுக் கதை மாதிரி. எனக்கோ பழைய செய்தித்தாளில் ஒரு பத்தி படிக்கவே மூச்சு வாங்கியது. முக்கியமாக ரையன்கள். டிப்பரரியில் ரையன் என்கிற குடும்பப் பெயர் அத்தனை வீட்டில் இருக்கிறது. ஆளை ஆள் பிரித்தறியக் கூடவே ஒரு பட்டப்பெயரும் வைத்திருக்கிறார்கள். அது செய்தித்தாளில் சில நேரம் இருக்கும், சில நேரம் இருக்காது. எந்த ரையன் எந்த ரையன் என்று ஒரு முழு மதியம் என்னோடு உட்கார்ந்து தாளில் கோடு போட்டுப் பிரித்துக் கொடுத்தீர்கள்.

அந்த மதியம் இல்லையென்றால் 1920-ஐ நான் எழுதியிருக்க முடியாது. நவம்பர் 21, ஞாயிறு. விடுதலைப் போர் நடந்த காலம். டப்ளின் குரோக் பார்க்கில் டிப்பரரிக்கும் டப்ளினுக்கும் கால்பந்து. அன்று காலையில் பிரிட்டிஷ் உளவாளிகளை ஐரிஷ் போராளிகள் சுட்டுக் கொன்றிருந்தார்கள். மதியம் அரசப் படையினர் மைதானத்துக்குள் புகுந்து கூட்டத்தைப் பார்த்துச் சுட்டார்கள். 14 உயிர் போனது. அதில் ஆட்டக்காரர் ஒருவர், கிரேஞ்ச்மொக்லர் ஊர்க்காரர் மைக்கேல் ஹோகன். இன்று குரோக் பார்க்கில் கோப்பை வாங்கும் அணி ஏறி நிற்கிற ஹோகன் ஸ்டாண்டு அவர் பெயரில்தான். அன்றைய டிப்பரரி அணியில் லாக்மோர்–காஸிலைனியைச் சேர்ந்த ஜிம் ரையன், பில் ரையன் இருவரும் இருந்தார்கள். தடைபட்டு நின்ற அந்த 1920-ம் ஆண்டுக் கோப்பையின் இறுதி ஆட்டம் 1922 ஜூனில்தான் நடந்தது. எதிரணி அதே டப்ளின். டிப்பரரி வென்றது. சுடப்பட்ட களத்துக்கே திரும்பிப் போய் ஆடியவர்களைப் பற்றி எழுதும்போது என் கை நின்று நின்றுதான் ஓடியது.

லாக்மோர் தேவாலயத் தோட்டத்தில் பூ வைக்க வந்த அம்மாவுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. விளையாட்டுக் கழக வரலாற்றில் கல்லறைக்கு என்ன வேலை என்றுதான் நானும் நினைத்தேன். கையைப் பிடித்துக் கூட்டிப்போய் கார்மாக் சகோதரர்களின் நினைவு மண்டபத்தின் முன்னால் நிறுத்தினீர்கள். டேனியல், வில்லியம். ஒரு நிலக்கிழாரின் ஏஜெண்டான எல்லிஸ் என்பவரைக் கொன்றதாகச் சொல்லி, 1858 மே 11-ம் தேதி நீனா சிறையில் தூக்கிலிடப்பட்ட அண்ணன் தம்பி. இருவருமே தூக்குமேடையில் நின்றும் தாங்கள் குற்றமற்றவர்கள் என்றே சொன்னார்கள். 52 ஆண்டு கழித்து, 1910-ல், ஊர் மக்கள் சிறைக்குள் இருந்த எலும்புகளை எடுத்துவந்து இங்கே அடக்கம் செய்தார்கள். வாசகத்தில் பாசி படிந்த எழுத்துகளை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தீர்கள் அம்மா. பொய்ச் சாட்சி என்கிறது அந்தக் கல். நீதிபதியை மனித குலத்தின் அரக்கர்களில் ஒருவன் என்கிறது. இத்தனை கோபத்தைக் கல்லில் வெட்டி வைத்த ஊரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அந்தத் தூக்குக்கு 26 ஆண்டு கழித்துத்தான் சங்கம் பிறந்தது. தங்கள் ஆட்டத்தைத் தாங்களே நடத்துவோம் என்று இந்த மக்கள் ஏன் அப்படி ஓடிவந்து சேர்ந்தார்கள் என்பது எனக்கு அந்த மண்டபத்தின் முன்னால்தான் புரிந்தது.

மட்டை செய்கிறவருக்கும் நன்றி. ஹர்லி மட்டையை ஆஷ் மரத்தின் அடித்தண்டில்தான் எடுக்க வேண்டும், தரையிலிருந்து முதல் ஒரு மீட்டருக்குச் சற்று மேல் வரை. அங்கேதான் மரத்தின் இழை வேரை நோக்கி வளைகிறது. அந்த வளைவே மட்டையின் அடிப்பாகத்துக்கும் வளைவாக வருகிறது. இரண்டு பலகையை என் கையில் கொடுத்தீர்கள். ஒன்றில் இழை வளைவோடு சேர்ந்து ஓடியது, இன்னொன்றில் குறுக்கே வெட்டுப்பட்டு நின்றது. இரண்டாவதை முழங்காலில் வைத்து அழுத்தச் சொன்னீர்கள். படக்கென்று உடைந்தது. முதலாவதை நான் முழுப் பலத்தோடு அழுத்தியும் அது வளைந்து கொடுத்துத் திரும்ப நிமிர்ந்தது. அப்புறம் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப்போய், உச்சி காய்ந்து நிற்கும் மரங்களைக் காட்டினீர்கள். 2012-ல் இந்த நாட்டில் முதலில் கண்டுபிடிக்கப்பட்ட பூஞ்சை நோய் ஆஷ் மரங்களைக் கொன்றுகொண்டே வருகிறது. இப்போது வெளிநாட்டு மரம், மூங்கில் என்று ஆகிவிட்டது. அந்த நேரம் நீங்கள் அதிகம் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

இனி நான் செய்த பெரிய தவறையும், அதைத் திருத்தியவரையும் சொல்ல வேண்டும். முதல் பிரதியில் ஹர்லிங் அணிக்கு ஒரு பகுதி, கால்பந்து அணிக்கு ஒரு பகுதி என்று பிரித்து எழுதியிருந்தேன். கால்பந்தில் இந்தக் கழகம் பல முறை கவுண்டிப் பட்டம் வாங்கியது. ஹர்லிங்கில் முதல் கவுண்டிப் பட்டம் 1988-ல்தான். 2013-ல் இரண்டையும் ஒரே ஆண்டில் வாங்கியது, டிப்பரரியில் வேறெந்தக் கழகமும் அதற்கு முன் செய்யாதது. 2021-ல் மறுபடியும் இரண்டும். இப்படி ‘இரண்டு அணிகளின் சாதனை’ என்று எழுதி வைத்திருந்ததை நான் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, மைதானத்தில் கோடு போடுகிற அண்ணன் சுண்ணாம்பு வண்டியை நிறுத்திவிட்டுச் சொன்னார்: ‘எங்கே இருக்கிறது இரண்டு அணி? எல்லாம் அதே பையன்கள்தான்.’

சரி என்று வீட்டுக்கு வந்து 2021 ஆட்டக்காரர் பட்டியல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பெரும்பாலும் அதே பெயர்கள். இந்த வாரம் ஹர்லிங், அடுத்த வாரம் கால்பந்து, அதற்கடுத்த வாரம் மறுபடி ஹர்லிங், மாதக்கணக்கில் ஓய்வு வாரமே இல்லை. அந்த ஆண்டு ஹர்லிங் இறுதி ஆட்டம் தர்லஸ் சார்ஸ்ஃபீல்ட்ஸ் அணியோடு சமனில் முடிந்து, அதையும் இன்னொரு முறை ஆட வேண்டியிருந்தது. ஊர் சின்னது. இரண்டு அணிக்கு ஆள் கிடையாது, ஆனால் இரண்டில் ஒன்றை விட்டுவிடலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. பகுதி பிரித்ததை எல்லாம் கலைத்து, ஒரே வரலாறாகத் திரும்ப எழுதினேன். ஆறு மாத வேலை. அண்ணே, அந்த ஒரு கேள்விக்கு நான் ஆயுள் முழுக்கக் கடன்பட்டிருக்கிறேன்.

அதற்குப் பிறகு உங்களையும் எனக்கு வேறு மாதிரி தெரிந்தது. கோடு போடுகிறவரே ஆட்ட நாளில் நுழைவாயிலில் டிக்கெட் கிழிக்கிறார். சாண்ட்விச் அடுக்குகிற அக்காதான் சிறுமிகளுக்குக் கேமோகி (பெண்கள் ஆடும் ஹர்லிங்) சொல்லிக்கொடுக்கிறார், போன வாரம் அவர் வீட்டுக் கொடியில் பச்சையும் சிவப்புமாக இருபது சட்டை காய்ந்துகொண்டிருந்தது. என் மகளை ஒரு நாள் வேடிக்கை பார்க்கக் கூட்டி வந்தேன். ஒரு வார்த்தை கேட்காமல் அவள் தலைக்கு ஒரு ஹெல்மெட்டை மாட்டி, கையில் சின்ன மட்டை ஒன்றைக் கொடுத்து வரிசையில் நிறுத்தியது நீங்கள்தான் அக்கா. இப்போது அவளுக்குச் செவ்வாய்க்கிழமை என்றால் பயிற்சி நாள்.

இந்தக் கழகத்திலிருந்து டிப்பரரி ஹர்லிங் அணிக்குப் போன மெக்ரா சகோதரர்கள் நோயல், ஜான், பிரையன் மூவரைப் பற்றியும் தனியாக எழுதியிருக்கிறேன். நான் செவிலி என்பதால் நோயலின் 2015-ல் கொஞ்சம் அதிக நேரம் நின்றுவிட்டேன். ஏப்ரலில் விதைப்பைப் புற்றுநோய் என்று தெரிந்தது. ஆகஸ்டில், அகில அயர்லாந்து அரையிறுதியில், டிப்பரரி சட்டையோடு களத்தில் இறங்கிப் புள்ளியும் அடித்தார். ஆளில்லாத நேரத்தில் அந்தக் காணொளியை வார்டில் பல தடவை பார்த்திருக்கிறேன். அவர் உள்ளே ஓடிவரும்போது அரங்கமே எழுந்து நிற்கிறது. 2025 ஜூலை 20-ம் தேதி அகில அயர்லாந்து ஹர்லிங் இறுதி ஆட்டத்தில் கார்க் அணியை டிப்பரரி 3-27, 1-18 என்று வென்றபோது ஜான் இரண்டு கோல் அடித்தார், நோயலும் களமிறங்கினார். அப்போது நான் கடைசி அறையில் பெரியவரோடு இருந்தேன். இடைவேளையில் டிப்பரரி பின்தங்கியிருந்தது, அவர் தேநீரைத் தொடவே இல்லை. ஆட்டம் முடிந்ததும் ஆறிப்போன அந்தத் தேநீரை முழுக்கக் குடித்தார்.

கடைசியாக, காஸிலைனியில் பழைய புகைப்பட ஆல்பத்தை என்னை நம்பி வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய குடும்பத்துக்கு. மூன்று மாதமாக வைத்திருக்கிறேன், மன்னிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை கொண்டுவந்து தருகிறேன். நடுவில் ஒரு படத்துக்கு ஒட்டு விட்டிருந்தது, வரிசையில் உட்கார்ந்திருக்கும் அணி, முன்னால் ஒரு நாய். அதை நான் ஒட்டவில்லை. பின்பக்கம் பென்சிலில் பெயர்கள் எழுதியிருப்பது அப்போதுதான் தெரிந்தது, பசை போட்டால் போய்விடும். ஒரு காகித உறையில் போட்டு அதே பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

நன்றியுடன்,
உங்கள் பக்கத்து ஊரில் குடியிருக்கும் தமிழ்ச் செவிலி