கோட்டை ஆலயத்துக் கல்லறைக் கற்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்னை புனித ஜார்ஜ் கோட்டைக்குள் 1680-இல் அர்ப்பணிக்கப்பட்ட தூய மரியாள் ஆலயத்துக்கு வருவோர், குண்டு துளைக்காதபடி கட்டிய வளைகூரையை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். முற்றத்துத் தரையையும் குனிந்து பாருங்கள். கோட்டைக்கு வெளியே இருந்த பழைய இடுகாட்டின் கல்லறைப் பலகைகள் அவை. 1758-59 முற்றுகையில் பிரெஞ்சுப் படை அந்தக் கல்லறைகளை மறைவாக்கிச் சுட்டது. பின்னர் ஆங்கிலேயர் அவற்றை இடித்துக் கற்களை இங்கே பாவினார்கள்.

இலத்தீன், போர்த்துகீசிய வாசகங்களைக் காலைச் சாய்வெயிலில் படியுங்கள். உச்சிவெயிலில் எழுத்துப் பள்ளத்தில் நிழல் விழாது, கல் வெறுமையாகத் தெரியும். தெளிவுக்காகச் சாக்பீஸ் தேய்ப்பது பெரும் தவறு, மேல்பரப்பு அரிபடும். மண் அடைத்திருந்தால் தண்ணீரும் மென்மையான தூரிகையும் போதும். கம்பித் தூரிகை, அமிலம் இரண்டும் ஆகவே ஆகாது. பராமரிப்பவர்கள் சுவர் விரிசலில் சிமெண்ட் பூசாமல் சுண்ணாம்புச் சாந்தே பூச வேண்டும். சிமெண்ட் ஈரத்தை உள்ளேயே அடைத்துச் செங்கல்லை உதிர்த்துவிடும்.

— வாசகர், சென்னை