அழியாத பென்சில் கோடு

ஆசிரியர் அவர்களுக்கு,

மாயக் கதைகள் பிள்ளைகளை வீட்டு மனிதர்களிடமிருந்து பிரித்துவிடும் என்று சென்ற வாரம் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். முப்பது ஆண்டுகள் ஓவிய ஆசிரியையாக இருந்தவள் நான். அவர் கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

கேத்தரின் ஸ்டோர் 1958-இல் எழுதிய 'மரியான் ட்ரீம்ஸ்' நாவலை என் எட்டு வயதுப் பேத்திக்கு இரவுதோறும் தமிழில் சொல்லிவந்தேன். நோயில் படுத்திருக்கும் மரியான், பழைய பென்சில் ஒன்றால் வீடு வரைகிறாள். உறங்கினால் கனவில் அந்த வீட்டின் முன் நிற்கிறாள். மறுநாள் ஜன்னலில் ஒரு பையனை வரைகிறாள். கனவில் அவன் அங்கே இருக்கிறான். பிறகொரு நாள் அவன்மேல் வந்த கோபத்தில் அந்த ஜன்னலின்மேல் அழுத்தி அழுத்திக் கோடு கிழித்துவிடுகிறாள். கனவில் அவை சிறைக் கம்பிகளாகிவிடுகின்றன. அந்தப் பென்சில் போட்ட கோட்டை எந்த ரப்பராலும் அழிக்க முடியாது. இனி அவனுக்கு வேண்டியதையெல்லாம் புதிதாக வரைந்துதான் உதவ வேண்டும்.

இந்த இடத்தில் பேத்தி என்னை நிறுத்தச் சொன்னாள். எழுந்து போய்த் தன் வரைதாளை எடுத்துவந்தாள். எங்கள் வீட்டைத்தான் வரைந்திருந்தாள். சுவர் இருந்தும் உள்ளே நாங்கள் எல்லோரும் தெரிந்தோம். (தான் அறிந்ததைக் குழந்தை இப்படித்தான் வரையும் என்று பிரெஞ்சு அறிஞர் லூக்கே 1927-இலேயே விளக்கியிருக்கிறார். அது தெரியாத காலத்தில், "சுவருக்குப் பின்னால் இருப்பது எப்படித் தெரியும், அழி" என்று எத்தனை மாணவர்களிடம் சொல்லியிருப்பேன்! இன்றும் மனம் வலிக்கிறது.) ஒரே ஓர் அறை மட்டும் கருப்பாகக் கிறுக்கப்பட்டிருந்தது. அது அவள் அண்ணனின் அறை. இருவருக்கும் நான்கு நாட்களாகப் பேச்சில்லை.

ரப்பரை நீட்டினேன், வேண்டாம் என்றாள். அந்தக் கருப்பின்மேல் வெள்ளை மெழுகு வண்ணத்தால் நெடுநேரம் தேய்த்து, சாம்பல் நிறத்தில் ஒரு கதவு வரைந்தாள். தாழ்ப்பாளை எந்தப் பக்கம் போடுவது என்று என்னிடம் கேட்டாள். பிறகு அவளே, "உள்பக்கம் போடுகிறேன் பாட்டி, அண்ணனே திறக்கட்டும்" என்றாள்.

தங்கள் சிறுவர் பகுதியில் இத்தகைய நாவல் ஒன்றைத் தொடராக வெளியிடுங்கள். அதற்குப் பிள்ளைகளையே படம் வரையச் சொல்லுங்கள். அடித்தல் திருத்தலோடு வரும் படங்களையும் அப்படியே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியை