வெளிய வந்தவங்க எதையும் நம்ப மாட்டாங்களா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு பதிப்புல ஒரு வாசகர் எழுதியிருந்தாரு, பொறந்த சபைய விட்டுட்டு வெளிய போற பிள்ளைங்க எதையும் நம்பாம, யாருக்கும் அடங்காம, கடைசில குடிச்சு கெட்டுப் போயிடறாங்கன்னு. அவர் மேல எனக்கு கோவம் இல்ல, அவரோட மகனோ மகளோ அப்படி போயிருக்கலாம், எழுத்துல அந்த வலி தெரியுது. ஆனா நானும் அந்த மாதிரி ஒரு கட்டுப்பாடான கூட்டத்துல பொறந்து வளந்து, முப்பத தாண்டுன பிறகு வெளிய வந்தவதான், இருக்கறது பட்டர்வொர்த்ல. என்னை மாதிரி வந்தவங்கள நிறைய பேர தெரியும், நான் பார்த்தது அவரு சொல்றதுக்கு நேர் எதிரா இருக்கு. எதையும் நம்பாததால கெட்டவங்கன்னு எனக்கு தெரிஞ்சு ஒருத்தரும் இல்ல, எதையாவது சட்டுனு நம்பி மாட்டிக்கிட்டவங்கதான் அதிகம்.

எங்க கூட்டத்தோட பேர் வேணாம். நகை கூடாது, தலைல பூ கூடாது, வீட்டுல டிவி கூடாது, தீபாவளிக்கு பக்கத்து வீட்டு ஆண்டி முறுக்கு கொண்டாந்து குடுத்தா சிரிச்ச முகமா வாங்கிட்டு கதவ சாத்துனதும் குப்பைல போட்டுடணும் (அந்த முறுக்க நெனச்சா இப்பவும் வயிறு எரியுது). காய்ச்சல்னா முதல்ல ஜெபம், அப்புறம் எண்ணெய், ரொம்ப முடியலன்னாதான் ஆஸ்பத்திரி, அதுவும் ஊருக்கு தெரியாம. கேள்வி கேக்கறது பாவம்னு யாரும் நேரா சொல்ல மாட்டாங்க. "உனக்குள்ள வேற ஒரு ஆவி பேசுது"ம்பாங்க, அதுக்கப்புறம் எவ வாயத் திறப்பா.

ஆனா ஒண்ணு சொல்லியே ஆகணும், சந்தேகப்பட எனக்கு கத்துக்குடுத்ததே அந்தக் கூட்டம்தான். மத்தவங்க சமாச்சாரத்துல எங்கள மாதிரி பகுத்தறிவுவாதிங்க பினாங்குலயே கெடையாது! தைப்பூசத்துக்கு தண்ணீர்மலைக்கு அலகு குத்திட்டு போறவங்களுக்கு ஏன் ரத்தம் கொட்டலன்னு எங்க அங்கிள் அக்குவேறு ஆணிவேறா பிரிச்சு சொல்லுவாரு, கம்பி மெல்லிசு, சதை குறைவா இருக்கற இடம், மனசு வேற நிலைல இருக்குன்னு. புக்கிட் மெர்தாஜாம் செயிண்ட் ஆன் கோயில் ஊத்துத் தண்ணிய போத்தல்ல புடிச்சுட்டு போறவங்கள பாத்து கிண்டல் பண்ணுவோம். 1995 செப்டம்பர் 21ல பிள்ளையார் பால் குடிக்கறாருன்னு உலகம் பூரா நம்மாளுங்க கோயில் கோயிலா வரிசைல நின்னாங்களே, அப்ப எங்களுக்கு ஒரே குஷி. இந்தியாவுல விஞ்ஞானிங்க பால்ல சாயத்த கலந்து காட்டுனாங்க, கரண்டிய சாய்ச்சு சிலையத் தொட்டதும் பரப்பு இழுவிசைல பால் லேசா மேல ஏறி, அப்படியே சிலை மேல மெல்லிசா பரவி கீழ வழியுது, வெறும் பால்னா கண்ணுக்கு படல, சாயம் போட்டதும் எல்லாம் தெரிஞ்சுடுச்சு. அத கூட்டத்துல எல்லாருக்கும் வாசிச்சு காட்டுனாங்க, கை தட்டுனோம். அடுத்த பாட்டு முடிஞ்சதும் ஒரு அக்கா எந்திரிச்சு, தன்னோட முட்டிவலி ஜெபத்துல பறந்தே போச்சுன்னு சாட்சி சொன்னாங்க, அதுக்கும் கை தட்டுனோம். பாலுக்கு சாயம் கலந்தாச்சு, முட்டிவலிக்கு எத கலந்து பாக்கறதுன்னு ஒருத்தரும் கேக்கல.

கேட்டிருந்தா ரொம்ப சிம்பிள்தான். ஜெபம் பண்ணியும் முட்டிவலி போகாதவங்க எத்தனை பேர், அவங்க ஏன் மைக் பக்கம் வரல? ஜெபம் பண்ணாமலே வலி தானா குறைஞ்சவங்க எத்தனை பேர்? முட்டிவலின்னாலே சில நாள் கூடும் சில நாள் குறையும், கூடுன அன்னைக்குத்தான் ஆளுங்க ஜெபத்துக்கு வருவாங்க, அதுக்கப்புறம் அது குறையத்தானே செய்யும். பலிச்சது மட்டும் மேடை ஏறுது, பலிக்காதது பின்னாடி பெஞ்சுல உக்காந்து "என் விசுவாசம் பத்தல போல"ன்னு அழுவுது. எங்க அம்மா அந்த பின்னாடி பெஞ்சுலதான் ரொம்ப வருசம் உக்காந்திருந்தாங்க, இன்னும் உக்காந்திருக்காங்க.

டார்ச்லைட்டு எங்க கைல நல்லாவே எரிஞ்சுது, அடுத்த வீட்டுப் பக்கமே அடிச்சுட்டு இருந்தோம், அவ்வளவுதான்.

டாக்டர் ஆபிரகாம் கோவூர் பேர பெரியவங்க கேள்விப்பட்டிருப்பீங்க. 1898ல கேரளாவுல ஒரு பாதிரியார் வீட்டுல பொறந்து, இலங்கைக்கு போய், யாழ்ப்பாணம் மத்திய கல்லூரில தாவரவியல் வாத்தியாரா இருந்தவரு. 1963ல இருந்து, அற்புத சக்தி இருக்குன்னு சொல்றவங்க ஏமாத்து இல்லாம செஞ்சு காட்டட்டும், ஒரு லட்சம் ரூபா தரேன்னு சவால் விட்டாரு. 1978ல அவரு சாகற வரைக்கும் யாரும் ஜெயிக்கல. ஆனா எனக்கு அந்த லட்ச ரூபாய விட புடிச்ச கதை வேற. யாழ்ப்பாணத்துல ஒரு வருசம் அவரையே வேதபாட வகுப்பு எடுக்க விட்டாங்களாம், பிள்ளைங்க எல்லாம் பரிட்சைல அருமையா பாஸ் பண்ணிடுச்சுங்க, அடுத்த வருசம் அந்த வகுப்ப அவருக்கு குடுக்கல, காரணம் கேட்டா பிள்ளைங்க பாஸ் பண்ணதோட மதத்தையும் விட்டுடுச்சுங்கன்னு பிரின்சிபல் சொன்னாராம். கோவூர் ஒண்ணும் புதுசா சொல்லிக்குடுத்திருக்க மாட்டாரு, புத்தகத்த ஒழுங்கா படிக்க வச்சிருப்பாரு.

அப்புறம் இந்த கடைசி நாள் விவகாரம். 1999 கடைசில எங்க கூட்டத்துல அரிசி, சார்டின் டின், மெழுகுவத்தின்னு வாங்கி அடுக்குனவங்க இருக்காங்க, 2000 பொறக்காதுன்னு. பொறந்துச்சு. அடுத்த வாரம் "நம்ம உபவாச ஜெபத்தால கர்த்தர் தவணை குடுத்திருக்காரு"ன்னு ஸ்தோத்திரம், சார்டின் எல்லாம் சம்பலா போச்சு. இது நம்ம ஊர் கூத்து மட்டும்னு நெனைக்காதீங்க, அமெரிக்காவுல வில்லியம் மில்லரோட ஆளுங்க 1844 அக்டோபர் 22ன்னு தேதியே குறிச்சாங்க, அன்னைக்கு ஒண்ணும் நடக்கல, ஆனா அந்த ஏமாற்றத்துல இருந்தே புது சபைங்க கிளம்புச்சு. ஹெரால்ட் கேம்பிங்னு ரேடியோல பேசுனவரு 1994ன்னாரு, அப்புறம் 2011 மே 21ன்னாரு, அதுவும் போனதும் அக்டோபர் 21ன்னாரு.

இதுல ஒரு சுவாரசியமான விசயம் இருக்கு. தேதி பொய்யானா ஆளுங்க விட்டுட்டு போவாங்கன்னுதானே நெனைப்போம், ஆனா நம்பிக்கை இன்னும் இறுகிடும்னு லியோன் ஃபெஸ்டிங்கர்னு ஒரு உளவியல் அறிஞர் 1950கள்ல எழுதுனாரு. 1954 டிசம்பர்ல வெள்ளம் வந்து உலகம் அழியும்னு காத்திருந்த ஒரு சின்ன கூட்டத்துக்குள்ள ஆள அனுப்பி பார்த்து எழுதுனது. வெளிய வந்த புதுசுல நாங்க எல்லாரும் இத தூக்கி தலைல வச்சு கொண்டாடுனோம், ஆகா நம்ம கூட்டம்தான்னு. இப்ப என்னன்னா, பழைய ஆவணங்கள தோண்டி பார்த்த ஒரு ஆய்வாளர், ஃபெஸ்டிங்கர் அனுப்புன ஆளுங்களே உள்ள இருந்து கூட்டத்த ஏத்திவிட்டிருக்காங்க, அவரு எழுதுன அளவுக்கு அந்தக் கூட்டத்துக்காரங்க உறுதியாவும் நிக்கலன்னு எழுதியிருக்காரு. இத எங்க நண்பர்கள்கிட்ட சொன்னப்ப பாதி பேருக்கு மூஞ்சி சுருங்கிடுச்சு. நமக்கு புடிச்ச ஆய்வுன்னா மட்டும் கேள்வி கேக்கக்கூடாதா என்ன?

இப்ப வாசகருக்கு பதிலா நான் சொல்ல வந்ததுக்கு வரேன். வெளிய வந்தா மட்டும் மண்டை மாறிடாது. சின்ன வயசுல இருந்து ஒரு பெரியவர் சொல்லுவாரு, நம்ம கேப்போம், நம்ம ஆளுங்க மட்டும்தான் தப்பிப்போம், அந்த பழக்கம் அப்படியே இருக்கும், உக்கார வேற மேடை தேடும். எங்களோட வெளிய வந்த ஒரு தம்பி ஒரு முதலீட்டு கூட்டத்துல சேந்தான், மாசம் 10 விழுக்காடு லாபமாம். ஹோட்டல் ஹால், மைக், கண்ணீரோட சாட்சி, "நெகட்டிவா பேசற சொந்தக்காரங்கள தள்ளி வைங்க"ன்னு அறிவுரை, ஒரே வித்தியாசம் பாட்டு மட்டும் வேற! மாசம் 10 விழுக்காடுன்னா வட்டிக்கு வட்டி சேந்து ஒரு வருசத்துல போட்ட காசு மூணு மடங்குக்கு மேல ஆகணும். நம்ம ஊழியர் சேமநிதி ஈபிஎஃப் அவ்வளவு பெரிய நிதிய வச்சுட்டு 2024க்கு குடுத்தது 6.3 விழுக்காடு, அதுவும் ஒரு வருசத்துக்கு. நம்ம மத்திய வங்கி பேங்க் நெகாரா எச்சரிக்கை பட்டியல்னு ஒண்ணு போட்டு வச்சிருக்கு, கூட்டத்துக்கு போறதுக்கு முன்னாடி அதுல பேர தேடி பாக்க எவ்வளவு நேரம் ஆயிடும்? பட்டியல்ல பேர் இல்லன்னா நல்ல கம்பெனின்னும் அர்த்தம் இல்ல, அதையும் சொல்லணும். பணத்த மாத்திவிட்டுட்டு ஏமாந்தது தெரிஞ்சா உடனே 997ங்கற மோசடி புகார் நம்பருக்கு அடிக்கணும், 2022ல இருந்து அந்த நம்பர் இருக்கு, நேரம் போகப் போக காசு கை மாறிடும். அந்த தம்பி வெக்கத்துல பல வாரம் வெளிய சொல்லல, முன்னாடியும் அப்படித்தான், ஜெபம் பலிக்கலன்னா வெளிய சொல்லாத பழக்கம்.

இன்னொரு அண்ணன் இருக்காரு, சாமியே இல்லம்பாரு, ஆனா திருநள்ளாறு மேல போற சாட்டிலைட் எல்லாம் சில விநாடி நின்னு போகுது, நாசாவே மிரண்டு போச்சுன்னு குரூப்ல போடுவாரு, தமிழன் பெருமையாம். தாழ்வான சுத்துப்பாதைல போற சாட்டிலைட் நொடிக்கு ஏழு கிலோமீட்டருக்கு மேல ஓடுது, நின்னா கீழதான் விழும் அண்ணே, நாசா அப்படி ஒண்ணும் சொல்லலன்னு சொன்னா, நீ இன்னும் அந்த கூட்டத்து புத்திய விடலயான்னு எனக்கே திருப்பி அடிக்கறாரு.

சந்தேகப்படறதுன்னா எல்லாத்தையும் இல்லன்னு தள்ளறதும் கெடையாது. டிங்கி வந்தா பப்பாளி இலைச் சாறு குடுன்னு சொல்றாங்கல்ல, எனக்கு முதல்ல அதுவும் எண்ணெய் ஜெபம் மாதிரிதான் தோணுச்சு. தேடி பார்த்தா நம்ம நாட்டு ஆய்வாளர்களே 2013ல நோயாளிங்கள ரெண்டு பிரிவா பிரிச்சு ஆய்வு பண்ணியிருக்காங்க, சாறு குடிச்சவங்களுக்கு ரத்த தட்டணுக்கள் கொஞ்சம் வேகமா ஏறியிருக்கு. சரி, ஏறுச்சு, அதனால உயிர் பொழைச்சாங்களான்னு கேட்டா அது வேற கேள்வி. டிங்கில ஆபத்தே காய்ச்சல் எறங்கற நேரத்துலதான், ரத்தக்குழாய்ல இருந்து நீர் கசிஞ்சு ஆள் சுருண்டுடுவாங்க, வீட்டுல எல்லாரும் "ஆகா காய்ச்சல் விட்டுடுச்சு, சாறு வேலை செய்யுது"ன்னு சந்தோசப்படற நேரம் அது. சாறு குடிங்க குடிக்காம இருங்க, வயித்துவலி, வாந்தி, அசதின்னா ஓடுங்க ஆஸ்பத்திரிக்கு. இந்த அளவுக்கு ஒரு விசயத்த பிரிச்சு பாக்க எனக்கு யாரும் ஆவி வரணும்னு சொல்லல, கொஞ்சம் பொறுமை இருந்தா போதுமா இருந்துச்சு.

வாசகர் சொன்னதுல ஒண்ணு மட்டும் உண்மை, வெளிய வந்தவங்க தனியாயிடறாங்க. அந்தக் கூட்டத்த நான் எவ்வளவு திட்டுனாலும், வீட்டுல பிள்ளை பொறந்தா பத்து பேர் சோறாக்கி கொண்டு வருவாங்க, அப்பா செத்தப்ப சவப்பெட்டி தூக்க ஆள் தேட வேண்டியிருக்கல. வெளிய வந்ததும் அவ்வளவும் ஒரே நாள்ல போயிடும், சொந்தத் தங்கச்சி பாசார்ல எதிர்ல வந்தா பாக்காத மாதிரி மீன் கடை பக்கம் திரும்பிடுவா. இந்த நேரத்துல யாரு வந்து "வாங்கக்கா, நம்ம ஒரே குடும்பம்"னு கைய புடிச்சாலும் பின்னாடி போயிடுவாங்க, அது சாமியாரா இருக்கட்டும் முதலீட்டு கூட்டமா இருக்கட்டும். அந்த தம்பிய அங்க இழுத்தது 10 விழுக்காடு இல்ல, ஞாயித்துக்கிழமை மத்தியானம் அவன கூப்பிட்டு சாப்பாடு போட்டாங்க, அதுதான். குடும்பத்து பெரியவங்க கோவம் இருந்தாலும் பரவால்ல, கல்யாணத்துக்கு ஒரு பத்திரிகை, நல்லது கெட்டதுக்கு ஒரு போன் போடுங்க. சபைக்கு திரும்பி வான்னு பேசாம சோறு மட்டும் போட்டு அனுப்புங்க, முடியுமான்னு பாருங்க.

1929 டிசம்பர்ல பெரியார் கப்பல்ல வந்து எறங்குனதே இந்த பினாங்குலதான், தோட்டத்து சனங்க வரைக்கும் போய் மூடநம்பிக்கை பத்தி பேசுனாரு. நூறு வருசம் ஆகப்போகுது. உங்க பத்திரிகைலயே ஏழாம் பக்கத்துல டாக்டர் பதில், அதே பக்கத்துல கீழ பிரிஞ்சவர சேத்து வைக்கற மாந்திரீகர் விளம்பரம், போன் நம்பரோட. விளம்பரம் இல்லாம தமிழ் பத்திரிகை நடத்த முடியாதுன்னு எனக்கும் தெரியும், எத்தனை பத்திரிகை மூடிட்டாங்கன்னு பாத்துட்டுத்தான இருக்கோம். எடுக்க சொல்லல. ஞாயிறு பதிப்புல ஒரு சின்ன பெட்டி குடுங்க, அந்த வாரம் வாட்ஸ்அப்ல சுத்துன ஒரு விசயத்த எடுத்து, யார் சொன்னது, எப்படி தெரியும், என்ன நடந்தா இது பொய்னு ஒத்துக்குவோம்னு தமிழ்ல போடுங்க. அரசாங்கத்தோட செபெனார்ஞா தளம் 2017ல இருந்து மலாய்ல இந்த மாதிரி செய்யுது, நம்ம பெரியவங்க எத்தனை பேர் அத போய் படிப்பாங்க? முதல் வாரத்துக்கு மாந்திரீகத்த எடுக்க வேணாம், திருநள்ளாறுல இருந்து ஆரம்பிங்க, அந்த அண்ணனுக்கு நான் வெட்டி எடுத்து அனுப்பணும்.

என் பேர போட வேணாம்னு கேட்டுக்கறேன். அம்மா இந்த பத்திரிகைய தினமும் படிக்கறாங்க, அங்க இருக்கற மத்தவங்களும் படிக்கறாங்க.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
பட்டர்வொர்த், பினாங்கு