பழைய பிஎம்டபிள்யூ 3 சீரிஸ் கார்களுக்கு எந்த அளவு வீல், எந்த அளவு டயர்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய சொகுசுக் கார்களை வாங்குவோர் கவனிக்க வேண்டியவை குறித்துத் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரை, எஞ்சின், கியர்பாக்ஸ், பராமரிப்புச் செலவு, காப்பீடு ஆகியவற்றை நிதானமாக விளக்கியிருந்தது. டயரைப் பற்றி மட்டும் ஒற்றை வரியோடு நின்றுவிட்டது. பழைய ஸ்போர்ட்ஸ் செடான் ஒன்றை வாங்குபவர் முதலில் கை வைப்பது பெரும்பாலும் வீலிலும் டயரிலும்தான் என்பதாலும், அந்த முடிவு கணக்குப் பார்த்து எடுக்கப்படாமல் காரின் தோற்றத்தை மட்டும் வைத்து எடுக்கப்படுவதைத் தொடர்ந்து பார்த்துவருவதாலும், இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

எல்லாக் கார்களுக்கும் பொதுவாகச் சொல்லும் அறிவுரையால் பயன் குறைவு. ஆகவே நான் ஓட்டிப் பராமரித்துவரும் பிஎம்டபிள்யூ 3 சீரிஸில் இ90 என்ற குறியீட்டால் அறியப்படும் தலைமுறையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 2007ஆம் ஆண்டு மார்ச் மாதம் செங்கல்பட்டை அடுத்த மஹிந்திரா வேர்ல்ட் சிட்டியில் அந்நிறுவனத்தின் தொழிற்சாலை தொடங்கப்பட்டபோது, அங்கே முதலில் ஒருங்கிணைக்கப்பட்ட கார் இதுதான். பின்சக்கர இயக்கமும் துல்லியமான ஸ்டீயரிங்கும் கொண்ட இந்தக் கார் இன்று ஒரு புதிய சிறிய காரின் விலைக்கும் குறைவாகவே கைமாறுகிறது. அதனால்தான் இளைஞர்கள் பலர் இதை விரும்பி வாங்குகிறார்கள். வாங்கிய கையோடு 18, 19 அங்குல அலாய் வீல்களைத் தேடிப் போகிறார்கள்.

320ஐ, 320டி போன்ற வகைகளுக்குத் தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அளவு 205/55 ஆர்16. அதற்கு மேல் 225/45 ஆர்17, அதற்கும் மேல் முன்னே 225/40 ஆர்18, பின்னே 255/35 ஆர்18 என்ற அளவுகளும் அனுமதிக்கப்பட்டவையே. இந்த எண்களில் முதலாவது டயரின் அகலத்தை மில்லிமீட்டரில் சொல்கிறது. இரண்டாவது, பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. மூன்றாவது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். பெருக்கிக் கூட்டிப் பார்த்தால் 205/55 ஆர்16 டயரின் மொத்த விட்டம் சுமார் 632 மி.மீ.; 225/45 ஆர்17 சுமார் 634; 225/40 ஆர்18 சுமார் 637. வெளி விட்டம் ஏறக்குறைய மாறாமல் இருப்பதைக் கவனியுங்கள். ரிம் பெரிதாகும் ஒவ்வொரு படியிலும் குறைவது பக்கச்சுவர்தான்: 16 அங்குலத்தில் 113 மி.மீ. இருந்த ரப்பர், 17இல் 101 ஆகவும், 18இல் 90 ஆகவும், பலர் மாட்டும் 235/35 ஆர்19இல் 82 ஆகவும் சுருங்கிவிடுகிறது.

பள்ளத்தின் விளிம்பில் சக்கரம் மோதும்போது அந்த அடியை முதலில் வாங்குவது பக்கச்சுவருக்குள் அடைபட்ட காற்று. அந்த உயரம் குறையக் குறைய, ரப்பர் முழுவதும் நசுங்கி ரிம்மின் உதடு நேரடியாகச் சாலையைத் தொடும் வாய்ப்பு கூடுகிறது. ரிம் வளைகிறது, சில வேளை உட்புறமாக விரிசல் விடுகிறது, டயரின் உள்ளிருக்கும் நூலிழைகள் அறுந்து பக்கவாட்டில் வீக்கம் தோன்றுகிறது. வீங்கிய டயரைப் பழுதுபார்க்க வழியில்லை, எறிய வேண்டியதுதான். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மழைநீர் தேங்கிப் பள்ளம் எங்கே இருக்கிறதென்றே தெரியாத நம் சாலைகளில், 16 அங்குல டயரில் ஓர் அதிர்வோடு முடிந்துபோகும் அடி, 19 அங்குலத்தில் ஒரு ரிம்மையும் ஒரு டயரையும் காவு வாங்கிவிடும்.

எடையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வீலும் டயரும் ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் சுமை. அந்தச் சுமை ஏறினால் ஷாக் அப்சார்பர் சக்கரத்தைச் சாலையோடு அழுத்தி வைத்திருக்கத் திணறுகிறது, மேடுபள்ளத்தில் கார் துள்ளுகிறது, ஸ்டீயரிங்கின் நுண்மை மழுங்குகிறது. எந்தக் குணத்துக்காக இந்தக் காரை விரும்பி வாங்கினோமோ அந்தக் குணமே குறைந்துபோகிறது. விலை மலிவான பெரிய வார்ப்பு வீல்கள் பெரும்பாலும் கனமானவை என்பதையும், அவற்றின் எடையைக் கடையில் யாரும் கேட்பதில்லை என்பதையும் வருத்தத்துடன் குறிப்பிட வேண்டியிருக்கிறது.

அடுத்தது, வீல் பொருந்துமா என்ற கேள்வி. ஐந்து போல்ட், 120 மி.மீ. வட்டம் என்ற அளவு ஒத்துப்போனால் போதும், எந்த பிஎம்டபிள்யூ வீலும் எந்த பிஎம்டபிள்யூ காரிலும் ஏறும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. போல்ட் ஏறுவது உண்மை; பொருந்துவது வேறு. ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, ஹப்பில் (காரில் வீலைத் தாங்கிச் சுழலும் நடுப்பகுதியில்) அமரும் முகப்பு எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதைச் சொல்லும் ஆஃப்செட் என்ற அளவு, ரிம்மிலேயே ஈ.டி. என்ற எழுத்துகளோடு பொறிக்கப்பட்டிருக்கும். இ90இன் 8 அங்குல அகல 17 அங்குல வீலுக்கு அது 34. முந்தைய தலைமுறையான இ46இன் அதே அகல வீலுக்கு 47. புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிப்பாகச் சந்தைகளில் கிடைக்கும் இ46 வீலை வாங்கி இ90இல் மாட்டினால், சக்கரம் 13 மி.மீ. உள்ளே போய் சஸ்பென்ஷனை நெருங்கிவிடும். அதற்குப் பதிலாக இ39 என்ற பழைய 5 சீரிஸின் வீலை எடுத்தால் அதன் ஆஃப்செட் 20. சக்கரம் 14 மி.மீ. வெளியே துருத்திக்கொண்டு, ஆட்கள் நிறைந்திருக்கும்போது ஃபெண்டரில் உரசும். அதோடு இ39 வீலின் நடுத்துளை 74.1 மி.மீ., இ90 ஹப்போ 72.6 மி.மீ.; இடைவெளியை நிரப்பும் வளையம் போடாமல் மாட்டினால் வீல் மையத்தில் அமராது, எத்தனை முறை பேலன்சிங் செய்தாலும் நெடுஞ்சாலை வேகத்தில் ஸ்டீயரிங் நடுக்கம் நிற்காது.

2012இல் இ90க்குப் பிறகு வந்த எஃப்30இன் வீல்களில் இன்னொரு பொறி இருக்கிறது. போல்ட் வட்டமும் நடுத்துளையும் இ90க்கு உரியவையே; 17 அங்குல வீலின் ஆஃப்செட்டும் 37 என்று நெருக்கமாகவே இருக்கிறது. ஆனால் அந்த வீலோடு வரும் டயர் 225/50 ஆர்17. அதன் விட்டம் சுமார் 657 மி.மீ., இ90இன் அடிப்படை அளவைவிட ஏறத்தாழ 4 சதவீதம் அதிகம். ஸ்பீடோமீட்டர் முன்பு காட்டிய அதே எண்ணைக் காட்டும்போது கார் அதைவிட 4 சதவீதம் வேகமாகப் போய்க்கொண்டிருக்கும். கியர் விகிதமும் அதற்கேற்ப நீண்டு, இழுவை குறையும். வீலை எடுத்துக்கொள்ளலாம், டயரை 225/45 ஆக மாற்றிக்கொள்ள வேண்டும். டயர் புதிதாக இருக்கிறதே என்ற ஒரே காரணத்துக்காக அப்படியே ஓட்டுவது சரியல்ல.

முன்னே குறுகிய டயர், பின்னே அகன்ற டயர் என்ற அமைப்பு பின்சக்கர இயக்கக் காருக்கு ஓர் அழகைத் தருகிறது, வளைவில் பின்பக்கம் வழுக்குவதையும் கட்டுப்படுத்துகிறது, மறுக்கவில்லை. ஆனால் முன்டயரையும் பின்டயரையும் இடம் மாற்றிப் போட முடியாது. பின்டயர் விரைவில் தேயும் காரில் இது செலவை ஏற்றும். நான்குக்கும் ஒரே அளவு என்றால் குறிப்பிட்ட இடைவெளியில் இடம் மாற்றிக்கொள்ளலாம், ஒரு டயர் கெட்டாலும் மாற்று எளிதில் கிடைக்கும். நம் ஊரில் அன்றாடம் ஓட்டும் 320ஐ, 320டி கார்களுக்கு நான்கிலும் 205/55 ஆர்16, அல்லது ஆசை மிகுந்தால் நான்கிலும் 225/45 ஆர்17, இந்த இரண்டுக்கு மேல் போக வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. 205/55 ஆர்16 இன்றைக்கும் ஸ்கோடா ஸ்லாவியா, ஃபோக்ஸ்வாகன் விர்டஸ் போன்ற புதிய கார்களில் வரும் அளவு. எனவே சிறிய ஊரின் டயர் கடையிலும் கிடைக்கும், நிறுவனங்களுக்கிடையே தேர்வு செய்யவும் இடமிருக்கும். மழையில் தேங்கிய நீரின் மேல் டயர் மிதப்பதும் குறுகிய டயரில் தாமதமாகவே நிகழ்கிறது. ஒரு விலக்கு உண்டு: 335ஐ போன்ற பெரிய பிரேக் கொண்ட வகைகளில் முன் பிரேக் வட்டின் விட்டமே 348 மி.மீ. என்பதால் 16 அங்குல வீலுக்கு அங்கே இடமில்லை. அவற்றுக்கு 17தான் தொடக்கம்.

ரன்-பிளாட் டயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. காற்று முழுவதும் இறங்கிய பிறகும் பொதுவாக 80 கி.மீ. வேகத்தைத் தாண்டாமல் சுமார் 80 கி.மீ. தூரம் ஓட இடமளிக்கும் கெட்டியான பக்கச்சுவர் கொண்டது அது. அதை நம்பியே இந்தக் கார் ஸ்டெப்னி இல்லாமல் வடிவமைக்கப்பட்டது. கடினமான பயணமும் கூடுதல் விலையும் பிடிக்காமல் சாதாரண டியூப்லெஸ் டயருக்கு மாறுவோர் பலர். பயணம் மென்மையாகிறது என்பது உண்மை. அப்படி மாறினால் பஞ்சர் கிட்டும் சிறிய காற்றுப் பம்பும் டிக்கியில் கட்டாயம் இருக்க வேண்டும். நான்கையும் ஒன்றாகவே மாற்ற வேண்டும். ஓர் அச்சில் ஒன்று ரன்-பிளாட், மற்றொன்று சாதாரணம் என்பது ஆபத்து. இந்தக் காரில் காற்றுக் குறைவை எச்சரிக்கும் அமைப்பு, சக்கரங்கள் சுழலும் வேகத்தை ஒப்பிட்டே அதைக் கண்டுபிடிக்கிறது என்பதால், டயர் மாற்றியதும் காற்று சரிசெய்ததும் அதை மீண்டும் துவக்கிவைக்க மறக்கக் கூடாது. எவ்வளவு காற்று என்பது ஓட்டுநர் பக்கக் கதவுத்தூணில் ஒட்டிய அட்டவணையில் அளவுவாரியாக இருக்கிறது. கடைக்காரர் எல்லாக் காருக்கும் வைக்கும் ஒரே எண் அதற்கு ஈடாகாது.

வாங்கும் டயரில் மூன்றைப் பார்க்கச் சொல்வேன். முதலாவது சுமை எண்: 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும், 88 என்றால் 560 கிலோதான். அடுத்த எழுத்து வேக வரம்பு. வி என்றால் மணிக்கு 240 கி.மீ. மூன்றாவது, டயரின் பக்கச்சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கிப் பொறித்திருக்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள். 2319 என்று இருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. பட்டன், அதாவது சாலையைத் தொடும் ரப்பரின் பள்ள ஆழம், நிறைய இருக்கிறது என்று காட்டி விற்கப்படும் டயர் பல ஆண்டுகள் கிடங்கில் கிடந்து ரப்பர் இறுகியதாக இருக்கலாம். சட்டம் கேட்கும் 1.6 மி.மீ. ஆழம் அதில் தாராளமாக இருந்தும் ஈரச் சாலையில் பிடிப்பு இருக்காது. பழைய வீலாக இருந்தால் உட்புறத்தைக் கழுவிப் பார்க்க வேண்டும். வெளிப்பக்கம் மட்டும் பளபளவென்று வண்ணம் பூசி, உள்ளே விரிசலை வெல்டிங் வைத்து மூடிய ரிம்மை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்கவே கூடாது.

மாட்டும்போது, இந்தக் காரின் போல்ட்டுகளுக்கு உரிய முறுக்கு விசை 120 நியூட்டன் மீட்டர். காற்றுத் துப்பாக்கியால் ஒரேயடியாக இறுக்கிவிட்டு, அடுத்த முறை கழற்றும்போது போல்ட் திருகு தேய்ந்துபோவதைப் பல கடைகளில் காண்கிறேன். டார்க் ரெஞ்சு விலை உயர்ந்த கருவியல்ல. டயர் விற்கும் ஒவ்வொரு கடையிலும் ஒன்று இருக்க வேண்டும்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு பக்கங்களில் பழைய கார் விளம்பரங்கள் நிறைய வருகின்றன. ஓடிய தூரம், மாடல் ஆண்டு, எத்தனையாவது உரிமையாளர் என்பவற்றோடு, மாட்டியிருக்கும் டயரின் அளவையும் அதன் தயாரிப்பு ஆண்டையும் விற்பவர் குறிப்பிடும்படி விளம்பரப் படிவத்தில் ஒரு கட்டம் சேர்க்க முடியுமா என்று பரிசீலிக்க வேண்டுகிறேன். வாங்குபவர் அந்த அளவைக் கதவுத்தூண் அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டே விலை பேசத் தொடங்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகர்,
தாம்பரம்