திண்ணையில் பேசினால் தீர்மானம் ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

செட்டிநாட்டில் பெரிய பெரிய வீடுகள்; உள்ளே ஓர் ஆச்சி, ஓர் ஐயா. பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும். எங்கள் ஊர் ரேஷன் கடைக்கு மூன்று படி, பிடித்து ஏறக் கம்பி கிடையாது. வருடக்கணக்காகத் திண்ணையில் உட்கார்ந்து திட்டினோம். (திட்டுவதில் எங்களை மிஞ்ச ஆளில்லை.)

போன அக்டோபர் கிராம சபைக்கு நாங்கள் ஆறு பேர் போனோம். முந்தின நாள் எங்கள் வளவில் (வீட்டு முற்றத்தில்) ஒரு மணி நேரம் ஒத்திகை. சொந்தக் கதை வேண்டாம், ஒரே கோரிக்கை, இரண்டே நிமிடம். 78 வயது ஆச்சி ஒருவர் தையல் டேப்பால் படியை அளந்து, ரேஷன் அட்டை உறையில் குறித்து வந்தார். "ஒவ்வொரு படியும் பதினொரு அங்குலம். நீங்களே மூட்டை தூக்கி ஏறிப் பாருங்க தம்பி" என்றார். சபை சிரித்தது. ஆனால் தீர்மானப் புத்தகத்தில் ஏறிவிட்டது. கம்பி இன்னும் வரவில்லை. 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போட்டுக் கேட்கப்போகிறோம்.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. முதியோர் உதவி எண் 14567 கூடப் பலருக்குத் தெரியவில்லை. நூலகங்களில் மாதம் ஒருநாள் மனு எழுதவும் சபையில் பேசவும் முதியவர்களுக்குப் பயிற்சி தர மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்யலாமே. சொல்லித்தர எங்கள் ஆச்சி தயார். போய்வர ஆட்டோ மட்டும் அனுப்ப வேண்டுமாம்.

- ஒரு வாசகர், காரைக்குடி வட்டம்