பல்லு கட்டுறதுக்கு முன்னாடி சுகர் பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். மூணே நாள்ல பல்லுன்னு எங்க பாத்தாலும் இம்ப்ளான்ட் (தாடையில ஸ்க்ரூ வச்சு அது மேல பல்லு கட்டுறது) விளம்பரம், ஆனா தாடை எலும்புல வச்ச டைட்டானியம் ஸ்க்ரூவோட எலும்பு ஒட்டி வளரவே பொதுவா 3லேர்ந்து 6 மாசம் ஆகும், 1965ல ஸ்வீடன்ல பிரோனமார்க்ங்கற டாக்டர் முதல் நோயாளிக்கு வச்சதுலேர்ந்து அடிப்படை இதுதான். உடனே பல்லு மாட்டுற முறையும் இருக்கு, ஆனா எல்லா தாடைக்கும் அது ஒத்துவராது. சுகர் கன்ட்ரோல்ல இல்லாதவங்களுக்கும் பீடி சிகரெட்டை விடாதவங்களுக்கும் ஸ்க்ரூ ஒட்டாம ஆடிப்போற ஆபத்து ஜாஸ்தி. எங்க பெரியம்மா சுகர்காரங்க, அவங்ககிட்ட மூணு மாச சுகர் டெஸ்ட் கூட கேக்காம ஒரு கிளினிக்ல அட்வான்ஸ் கட்டச் சொன்னாங்க, ரொம்ப கோவம் வந்துச்சு. எலும்பு வலுவிழக்குற நோய்க்கு (ஆஸ்டியோபோரோசிஸ்) ஊசி போடுறவங்க அதையும் டாக்டர்கிட்ட கட்டாயம் சொல்லணும். இதெல்லாம் விளம்பரத்துலயே போடணும்னு உங்க பேப்பர்ல எழுதுங்க சார்.

– ஒரு வாசகி, கும்பகோணம்